பாறசாலை மகளுக்கு: உப்புநீர்க் குளத்தைப் பேணும் விதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குளத்தருகே சுவரில் மாட்டியிருக்கும் குளோரினேட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்றும், பெட்டி, செல் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிட வேண்டும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்ல, இன்னும் இரண்டு மூட்டை உப்பைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டார் சொல்ல, வளைகுடாவில் இருக்கும் உன் அப்பாவிடம் எதைச் சொல்லிப் பணம் கேட்பது என்று தெரியாமல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு அபிப்பிராயங்களில் எதையும் இப்போதே ஏற்றுக்கொள்ளாதே. இருவரும் நீரை அளந்து பார்க்காமல் சொல்கிறார்கள். நீயோ பன்னிரண்டாம் வகுப்பில் மின்பகுப்பைப் பாடமாகப் படிக்கிறவள். ஆகையால் அந்தச் சாதனத்தின் சுபாவத்தை முதலில் விளக்கிவிட்டு, செய்யவேண்டியதைப் பிறகு சொல்கிறேன். கடிதம் நீளமானால் பொறுத்துக்கொள்.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரையிலுள்ள உங்கள் எல்லையோரக் கிராமங்களில், வெளிநாட்டில் உழைத்த பணத்தால் எழும்பிய சில வீடுகளில் இப்போது நீச்சல்குளமும் இடம்பெற்றிருக்கிறது. அவற்றில் உப்புநீர்க் குளம் என்று சொல்லப்படுவதைக் குளோரினே கலவாத குளம் என்று பலர் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைத்தான் நான் முதலில் உன் மனத்திலிருந்து அகற்ற விரும்புகிறேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உங்கள் குளத்தில் இருக்கவேண்டியது 3 முதல் 4 கிராம்தான். இவ்வளவு சொற்ப உப்பு எந்தக் கிருமியையும் கொல்லாது. அது குளோரினுக்கு மூலப்பொருள், அவ்வளவே. குழாயில் பொருத்தியிருக்கும், உலோகத் தட்டுகள் அடுக்கிய செல்லுக்குள் மின்சாரம் பாயும்போது, நேர்மின்வாயில் குளோரைடு அயனிகள் எலெக்ட்ரானை இழந்து குளோரினாகின்றன. எதிர்மின்வாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயுவும் ஹைட்ராக்சைடும் உண்டாகின்றன. அந்தக் குளோரின் உடனே நீரோடு சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. ஆஷா பணியாளர் உங்கள் கிணற்றில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றும்போது நீரில் பிறப்பதும் இதே பொருள்தான். கிருமியோடு வினைபுரிந்த குளோரினும் வெயிலில் சிதைந்த குளோரினும் மறுபடி குளோரைடாகவே நீரில் தங்கிவிடுவதால் உப்பு தீர்ந்துபோவதில்லை. மழையில் நிரம்பி வழிவதாலும், வடிகட்டியைக் கழுவும் பேக்வாஷ் நீராலும், குளிப்பவர்கள் வாரி இறைப்பதாலும், எங்காவது கசிவு இருந்தால் அதனாலும் மட்டுமே அது குறையும். எனவே காரணம் தெரியாமல் மூட்டை மூட்டையாக உப்பு சேர்ப்பது பொருத்தமில்லாத வைத்தியம்.

இதே மின்பகுப்பைப் பெருமளவில் செய்யும் ஆலை உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. ஏலூரில் உத்யோகமண்டலில் உள்ள திருவிதாங்கூர்–கொச்சி கெமிக்கல்ஸ் உப்புக் கரைசலிலிருந்து காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் தயாரிக்கிறது. ஆலையில் இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு நின்று இரு விளைபொருள்களையும் பிரித்து வைக்கிறது. உன் செல்லில் அந்தச் சவ்வு இல்லாததனால் குளோரினும் காரமும் அங்கேயே கலந்துவிடுகின்றன. ஆலைக்கும் உன் வீட்டுச் செல்லுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுவே. ஃபாரடே 1830-களில் கண்ட விதி இரண்டையும் ஒன்றுபோல் ஆள்கிறது: ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 1.32 கிராம் குளோரின் பிறக்கும், அதற்குமேல் ஓர் அணுவும் பிறக்காது. செல்லில் பல தட்டுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பதன் ரகசியம், ஒரே மின்னோட்டம் ஒவ்வோர் இடைவெளியிலும் திரும்பத் திரும்ப வேலை செய்ய வேண்டும் என்பதே.

அந்தத் தட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். உன் கேள்விக்கு விடை அவற்றில்தான் இருக்கிறது. தட்டின் உலோகம் டைட்டானியம். அதன் தாதுவான இல்மனைட், உங்கள் வீட்டிலிருந்து தெற்கே தொலைவில்லாத மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், வடக்கே சவறையிலும் கருமணலாகக் கிடக்கிறது. நீ குழந்தையாக இருந்தபோது அந்த மணலில் விளையாடியிருக்கிறாய். டைட்டானியத்தை நேர்மின்வாயாக வைத்தால் அது அரிக்கப்படாமல், மேற்பரப்பில் ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் படலம் மின்சாரத்தையும் தடுத்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க, 1960-களில் ஹென்ரி பீர் என்பவர் டைட்டானியத்தின்மேல் ருதீனியம் ஆக்சைடைப் பூசும் முறையைக் கண்டார். குளோரின் தொழில் முழுவதையும் மாற்றிய காரியம் அது. உன் செல்லின் தட்டுகளிலும் ருதீனியமோ, அதனோடு இரிடியமோ கலந்த, மயிரிழையினும் மெல்லிய பூச்சு இருக்கிறது. வேலை செய்வது அந்தப் பூச்சுதான். டைட்டானியம் அதைச் சுமந்து நிற்கிறது. பூச்சோ நாளுக்கு நாள் தேயும் சுபாவமுடையது. வீட்டுச் செல்களுக்குப் பொதுவாக 5,000 முதல் 10,000 மணி நேரம் வரை ஆயுள் சொல்லப்படுகிறது. உங்கள் குளம் கட்டி நான்கு ஆண்டு ஆயிற்று. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடியிருந்தால், ஆண்டுக்கு 2,920 மணி வீதம் 11,000 மணியைத் தாண்டியிருக்கும். ஆகவே செல் தன் ஆயுளை முடித்திருக்கவே சாத்தியம் அதிகம். இருந்தாலும் சாத்தியத்தை நிச்சயமாக எண்ணிப் பணத்தைச் செலவிடலாகாது.

அதற்குமுன், இந்த விஷயத்தை நான் ஏன் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில், நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூர்ப் பகுதியில், ஊர்க்குளம் ஒன்றில் குளித்த இளைஞர் ஒருவர் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிரிழந்ததும், அதே குளத்தோடு தொடர்புடைய வேறு சிலருக்கும் அந்த நோய் உறுதியாகித் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர்கள் பிழைத்ததும் உனக்கு நினைவிருக்கும். நெக்லேரியா என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது; குடித்தால் தீங்கில்லை, மூக்கின் வழியாக ஏறினால் மூளையை அடைகிறது; உலகெங்கும் இந்நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மாண்டிருக்கிறார்கள். நமது தட்பவெப்பத்தில் ஆண்டு முழுவதும் குளத்துநீர் அதற்கு இதமான சூட்டிலேயே இருக்கிறது. கடலுப்பு அளவில் அது வாழாது. ஆனால் லிட்டருக்கு மூன்று நான்கு கிராம் உப்பை நம்பி மூக்கை நீரில் ஆழ்த்தக் கூடாது. அதை அடக்குவது இடைவிடாமல் நீரில் நிற்கும் குளோரின். 2025 ஆகஸ்ட் இறுதியில் கேரளம் முழுவதும் கிணறுகளில் குளோரின் இடும் இயக்கம் நடத்தப்பட்டதும் இதனால்தான். உன் தம்பி தலைகீழாகப் பாய்ந்து விளையாடும் குளத்தில், செல் செத்துப்போய், மோட்டார் மட்டும் ஓடி, நீர் பளிங்குபோல் தெளிந்து தோன்றும் நிலைமையை நினைத்துப் பார். அந்தத் தெளிவு வடிகட்டியின் கைங்கரியம்; அதில் குளோரின் இருக்கிறதா என்பதைக் கண் அறியாது.

ஆகையால் செல்லைப் பற்றிய தீர்மானம் வரும்வரை குளத்தில் யாரும் இறங்க வேண்டாம். இறங்குவதானால், பிளீச்சிங் திரவத்தைக் கொண்டு குளோரினை மில்லியனில் 1 முதல் 3 பங்குவரை நிறுத்தி, அதை அளந்து பார்த்தபின் இறங்கலாம்.

அளக்கும் மருந்துகளில் இரண்டு வகை உண்டு. சுகாதாரப் பணியாளர்கள் கிணற்றடியில் பயன்படுத்துவதைப்போல மஞ்சள் நிறம் காட்டும் மருந்து மொத்தக் குளோரினைச் சொல்லும்; இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. மருந்து சுதந்திரமாக நின்று வேலை செய்யும் குளோரினைத் தனியே சொல்லும். குளத்துக்கு இரண்டாவதையே வாங்கு. குளோரின் அளவு கடந்து மிகுந்தால் அந்த இளஞ்சிவப்பே வெளுத்து, குளோரின் இல்லாததுபோலத் தோன்றும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள். நிறமே எழாவிட்டால் மாதிரி நீரை நல்ல நீரோடு பாதிக்குப் பாதி கலந்து மறுபடி பரிசோதித்துப் பார்.

இனி அந்தச் சிவப்பு விளக்குக்கு வருகிறேன், மக்களே. அது சொல்வது ஒன்றே: தட்டுகளுக்கிடையே போதிய மின்னோட்டம் பாயவில்லை. காரணங்கள் பல. முதலில் உப்பை, பெட்டியின் அளவை நம்பாமல், தனி மீட்டர் கொண்டோ, பரிசோதனைத் தாள் கொண்டோ பார். ஏனெனில் பெட்டி உப்பை நேராக அளப்பதில்லை, மின்னோட்டத்தைக் கொண்டு ஊகிக்கிறது, பூச்சு தேய்ந்த செல்லில் மின்னோட்டம் குறைவதை உப்புக்குறைவு என்றே அது அறிவிக்கும். பக்கத்து வீட்டாரின் ஆலோசனைப்படி உப்பை ஏற்றிக்கொண்டே போன பலர் கடைசியில் உவர்க்குளத்தையும் செத்த செல்லையும் ஒருங்கே பெற்றதற்குக் காரணம் இதுவே. உங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று எழுதியிருக்கிறாய். அதாவது ஏறக்குறைய 45,000 லிட்டர். லிட்டருக்கு 3.5 கிராம் வேண்டுமானால் குளம் முழுவதிலும் சுமார் 157 கிலோ உப்பு இருக்கவேண்டும். மீட்டர் 2.6 என்று காட்டினால் குறை 40 கிலோ. அதைப் போட்டு, மோட்டாரை ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டுக் கரைத்தபின்னரே செல்லை இயக்கு. மீட்டர் 3.4 என்று காட்டியும் விளக்கு சிவப்பாகவே இருந்தால் குற்றம் உப்பினுடையது அன்று.

உப்பு சரியானால் அடுத்தபடி நீரோட்டத்தைப் பார்க்கவேண்டும்: வடிகட்டியின் கூடையில் இலை அடைத்திருந்தாலும், ஓட்டத்தை உணரும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பெட்டி தானாகவே நின்றுவிடும். அந்தச் சுவிட்சைச் சிலர் தொல்லை என்று கழற்றிக் கம்பிகளை நேரே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். இதைவிட அபாயகரமான காரியம் இந்தத் தொழிலில் வேறில்லை. நீர் ஓடாத செல்லில் ஹைட்ரஜன் தேங்கும், தேங்கிய ஹைட்ரஜன் வெடிக்கும். எலெக்ட்ரீஷியன் எவரேனும் அவ்வாறு செய்ய முன்வந்தால் மரியாதையாக மறுத்துவிடு.

அதன்பின் செல்லைக் கழற்றிப் பார்க்கலாம்; பிரேக்கரை அணைத்து, மோட்டாரை நிறுத்தி, வால்வுகளை அடைத்த பிறகு, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது. தட்டுகளுக்கிடையே வெள்ளைச் சுண்ணப் படிவம் இருந்தால் கழுவவேண்டும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் பத்துப் பங்கு நீர் எடுத்து, அதில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிடை மெல்ல ஊற்றவேண்டும். ஆசிடில் நீரை ஊற்றலாகாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதே. அந்த ஆசிட் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நச்சுவாயு எழும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதே. கத்தியாலோ கம்பியாலோ தட்டைச் சுரண்டினால் படிவத்தோடு பூச்சும் போய்விடும்.

கழுவுவதைப் பற்றி இன்னொரு விஷயம். மாதந்தோறும் ஆசிடில் கழுவவேண்டும் என்று சொல்லும் வழக்கம், ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர் உள்ள பிரதேசங்களுக்குப் பொருந்துவது. திருநெல்வேலிச் சீமையில் அது அவசியமாகலாம். உங்கள் வெட்டுகல் மண்ணில் ஊறும் கிணற்றுநீரோ பெரும்பாலும் மென்மையானது, சற்றே அமிலத்தன்மையும் உடையது, சுண்ணம் மிகக் குறைந்தது. அந்த நீரில் செல் தானாக அழுக்கேறுவது அபூர்வம். அழுக்கு வருமானால் சிமெண்டிலிருந்து கரைந்ததாகவோ, சுத்தம் செய்யப்படாத உப்பிலிருந்து வந்ததாகவோ இருக்கும். ஒவ்வொரு கழுவலும் பூச்சின் ஆயுளில் சிறிது குறைப்பதால், கண்ணால் படிவத்தைக் கண்டாலன்றிக் கழுவவேண்டாம் என்பதே என் திடமான அபிப்பிராயம். புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு மலிவாகவும் அருகிலும் கிடைக்கிறதே என்று உன் சித்தப்பா கேட்டதாக எழுதியிருக்கிறாய். கருவாட்டுக்கு அது உத்தமம், குளத்துக்கு வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் எதிர்மின்வாயில் படியும். சுத்திகரித்த, அயோடின் சேராத உப்பையே வாங்கவேண்டும்.

அதே மென்மையான நீரில் வேறொரு குறை உண்டு. காரத்தன்மை குறைவாக இருப்பதால் பி.எச். நிலைகொள்ளாமல் அலையும். குளோரினேட்டர் ஓடும் குளத்தில், ஹைட்ரஜன் குமிழிகள் நீரைக் கலக்கிக் கரியமில வாயுவை வெளியேற்றுவதால், பி.எச். மேலே ஏறுவதே வழக்கம். இதைச் சிறு விஷயமாக எண்ணாதே. பி.எச். 7.5 இருக்கும்போது குளோரினில் ஏறக்குறையப் பாதி, கிருமியைக் கொல்லும் வீரியமுள்ள வடிவில் நிற்கிறது; 8-க்கு ஏறினால் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் அதை நிறுத்தவேண்டும். ஏறினால் சிறிது ஆசிட். காரத்தன்மை மில்லியனில் 80 பங்குக்குக் கீழே போனால் சமையல் சோடா, உங்கள் குளத்துக்குப் பத்துப் பங்கு உயர்த்த முக்கால் கிலோ போதும். கிணற்றுநீரில் இரும்பு இருந்தால் குளோரின் பட்டவுடன் செம்பழுப்பாகிச் சுவரில் கறை பிடிக்கும் என்பதால், நிரப்பும்போதே வடிகட்டி நிரப்புவது நல்லது.

கழுவியும், உப்பு சரியாக இருந்தும், நீர் தாராளமாக ஓடியும் செல் குளோரின் தராவிட்டால், எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பெட்டியிலிருந்து செல்லுக்கு நேர்மின்சாரம் வருகிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல். மின்னழுத்தம் முழுமையாக வந்து, மின்னோட்டம் மட்டும் சொற்பமாக இருந்தால் செல் முடிந்தது. பெட்டி நன்றாகவே இருக்கிறது. மின்னழுத்தமே வராவிட்டால் குற்றம் பெட்டியில். இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டிய அவசியம் மிக அபூர்வமாகவே நேரும் என்பதைக் கடைக்காரரிடம் நிதானமாகச் சொல்.

புதிய செல் வாங்கும்போது, பழைய பெட்டியின் மாடல் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போ. தட்டுகளின் எண்ணிக்கையும் மின்னழுத்தமும் பெட்டியோடு பொருந்தாவிட்டால் இரண்டும் கெடும். உங்கள் குளத்துக்கு நாளுக்கு மில்லியனில் 2 பங்கு குளோரின் செலவாகும் என்று வைத்தால் 90 கிராம் வேண்டும். மணிக்கு 15 கிராம் தரும் செல் அதை ஆறு மணி நேரத்தில் செய்துவிடும். மணிக்கு 8 கிராம் தருவதை மலிவென்று வாங்கினால் பதினொரு மணி நேரத்துக்குமேல் ஓடவேண்டும், மின்கட்டணமும் ஏறும், பூச்சும் விரைவில் தேயும். பெரிய செல்லைக் குறைந்த விகிதத்தில் ஓட்டுவதே சிக்கனம். குழாயில் அது வடிகட்டிக்குப் பின்னால், நீர் குளத்துக்குத் திரும்பும் வழியில் கடைசியாக நிற்கவேண்டும். அம்புக்குறி நீரோடும் திசையைப் பார்க்கவேண்டும். யூனியனைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் போட்டால் விரிசல் விடும். பழைய ஓ-ரிங்கை மறுபடி போடாமல் புதியதற்குச் சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடச் சொல். எர்த் கம்பியைச் சோதிக்காமல் எதையும் இயக்கவேண்டாம்.

மழைக்காலம் உங்கள் ஊரில் இருமுறை வருகிறது. குளம் நிறைந்திருக்கும்போது 100 மில்லிமீட்டர் பெய்தால் 3,200 லிட்டர் நீர் சேர்ந்து, அதே அளவு உப்புநீர் வழிந்துவிடும். ஏறத்தாழ 11 கிலோ உப்பு போய்விடும். ஆகையால் இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் வாரம் ஒருமுறையாவது உப்பை அளந்து பார். துலாவர்ஷத்து மாலை இடிக்குமுன் பிரேக்கரை அணைத்துவிடு. மின்னலால் எரியும் பெட்டிகள் அதிகம். கோடையில் வேறு கவலை: வெயில் இரண்டு மணி நேரத்தில் குளோரினின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதற்குச் சயனூரிக் அமிலம் மில்லியனில் 30 முதல் 50 பங்கு இருந்தால் போதும். அதற்கு மேல் சேர்த்துக்கொண்டே போனால் குளோரினின் வீரியமே மந்தமாகும்.

கடைசியாக, நீ கேட்காத ஒன்றையும் எழுதவேண்டியிருக்கிறது. பேக்வாஷ் நீரைத் தற்போது எங்கே விடுகிறீர்கள்? உங்கள் புரையிடமும் அடுத்த புரையிடமும் ஒரே வெட்டுகல் படுகையின்மேல் இருக்கின்றன. அந்தக் கல் துளைகள் நிறைந்தது. வீட்டுக்கு ஒரு கிணறாக நெருங்கிக் கிடக்கும் ஊர் உங்களுடையது. வெட்டுகல் நிலத்தில் தென்னங்கன்று வைக்குமுன் குழிக்கு இரண்டு கிலோ உப்பிட்டு மண்ணைப் பதப்படுத்தும் வழக்கத்தைக் காட்டி, தென்னைக்கு உப்பு நல்லதுதானே என்று சிலர் குளத்துநீரைத் தோப்பில் விடுகிறார்கள். ஆயிரம் லிட்டர் குளத்துநீரில் மூன்றரை கிலோ உப்பு இருக்கிறது. அந்தக் குழியில் ஒரே ஒரு தடவை இடும் உப்பைவிட அதிகம். அதை வாரந்தோறும் ஒரே இடத்தில் ஊற்றினால் வாழை கருகும், சில ஆண்டுகளில் அடுத்த வீட்டுக் கிணறு உவர்க்கும். பேக்வாஷை வாரக்கணக்கில் செய்யாமல், வடிகட்டியின் அழுத்தமானி ஏறியபோது மட்டும் செய். அந்த நீரைத் தொட்டியில் தேக்கி, குளோரின் வெயிலில் போன பிறகு, கிணறுகளுக்கு எட்டாத தாழ்ந்த பக்கத்தில் மழைநீரோடு கலந்து போகும்படி விடச் சொல். நெய்யாற்றுக்குச் செல்லும் தோட்டில் நேராகத் திறந்துவிடவேண்டாம்.

இந்த வாரத்தில் உப்பு, பி.எச்., காரத்தன்மை, சுதந்திரக் குளோரின் ஆகிய நான்கையும் காலையில் ஒருமுறையும் அந்திக்குமேல் ஒருமுறையும் அளந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுது. அந்தி அளவுக்கும் மறுநாள் காலை அளவுக்கும் குளோரினில் பெரிய வித்தியாசம் இருந்தால், இரவில் செல்லை அணைத்து வைத்தும் ஒருமுறை பார். எலெக்ட்ரீஷியன் சொன்ன மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் சேர்த்து எனக்கு எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு, செல்லுக்கா, பெட்டிக்கா என்று உன் அப்பாவுக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து,
உன் பெரியப்பா